நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி? மனச்சோதனை முதல் பரிகாரம் வரை முழுமையான வழிகாட்டி

தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுதல்) செய்வது எப்படி என்று சொல்லித்தரும் கையேடு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் 1580-இல் அதை வெளியிட்டார். தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்க நூலான 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்றைய புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் பிள்ளைகள் அதே காரியத்தை ஐந்து தலைப்புகளில் மனப்பாடம் செய்கிறார்கள்: செய்த பாவங்களை நினைவுகூர்தல், அவற்றுக்காக மனஸ்தாபப்படுதல் (மனம் வருந்துதல்), இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்தல், குருவிடம் அறிக்கையிடுதல், அவர் விதிக்கும் அபராதத்தை, அதாவது பாவத்துக்கு ஈடாகச் செய்ய வேண்டிய செபத்தையோ செயலையோ, நிறைவேற்றுதல். வளர்ந்த பிறகு பலருக்கு இந்த ஐந்தும் நான்காவது ஒன்றாகவே சுருங்கிவிடுகின்றன. வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, சொல்லிவிட்டு எழுந்து வந்தால் முடிந்தது என்று எண்ணுகிறோம். கத்தோலிக்க முறைப்படி ஒருவர் பாவமன்னிப்புப் பெறுவதற்கான வழியை, மற்ற நான்கையும் அவற்றுக்கு உரிய இடத்தில் வைத்து, இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஐந்தாவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நம் பங்குகளில் (கோவில் சமூகங்களில்) மிகக் குறைவாகப் பேசப்படுவது அதுதான்.

தொடங்குவதற்கு முன்

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன், பன்றிகளுக்கு நடுவே பசியோடு இருந்தபோது, தகப்பனிடம் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தயாரித்துக்கொள்கிறான். அதில் மூன்று பகுதிகள் உள்ளன: கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன், இனி உம் மகன் எனப்பட நான் தகுதியற்றவன், உம் கூலியாள்களுள் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டை நெருங்கியபோது முதல் இரண்டு பகுதிகளை மட்டுமே அவனால் சொல்ல முடிகிறது. தொலைவிலேயே கண்டு, பரிவு கொண்டு, ஓடிப்போய்க் கட்டித் தழுவிய தகப்பன், மூன்றாவதற்கு இடமே தராமல் ஆடையையும் மோதிரத்தையும் மிதியடியையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மகன் வாயைத் திறக்கும் முன்பே தழுவல் நடந்துவிட்டது. இந்த வரிசை மனத்தில் பதியாவிட்டால், கீழே சொல்லப்போகும் ஐந்து படிகளும் கடவுளிடம் மன்னிப்பு வாங்குவதற்குக் கொடுக்கும் விலைபோலத் தோன்றிவிடும். அதே சமயம், மகன் எழுந்து நடக்காமல் பன்றிப்பட்டியிலேயே இருந்திருந்தால், அந்த அன்பு குறையாமல் இருந்தும் அவனுக்குப் பயன்பட்டிருக்காது. எழுந்து நடப்பதற்குத்தான் இந்தப் படிகள்.

கடவுளிடம் நேரடியாகக் கேட்டால் போதாதா, இடையில் ஒரு மனிதர் எதற்கு என்ற கேள்வி கத்தோலிக்கர் நடுவிலேயே உண்டு. திருச்சபையின் பதில் யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் வேரூன்றியது: உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, தூய ஆவியைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி, பாவங்களை மன்னிக்கவும் மன்னியாதிருக்கவும் அதிகாரம் தருகிறார். அந்த அதிகாரம் செயல்பட்ட வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கி.பி. 250-இல் பேரரசர் தேசியு நடத்திய துன்புறுத்தலின்போது விசுவாசத்தை மறுத்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்று கார்த்தேஜிலும் உரோமையிலும் பெரும் சச்சரவு எழுந்தது. சேர்க்கவே கூடாது என்ற உரோமைக் குரு நொவாத்தியனின் கடுமையைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆயினும் பெரும் பாவங்களுக்கான தவம் அக்காலத்தில் பலர் அறிய நடந்தது, அதுவும் வாழ்நாளில் ஒரே முறைதான். தனியாக, திரும்பத் திரும்ப அறிக்கையிடும் வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் (ஆயர்களின் பேரவை) ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. இன்று நாம் பின்பற்றும் திருச்சடங்கு 1973-இல் வெளியானது; ஒப்புரவு அருளடையாளம் (கடவுளோடு மீண்டும் ஒன்றாக்கும் திருச்சடங்கு) என்ற பெயரும் அதன் பிறகே நம்மிடையே பரவலானது. பெரியவர்கள் வாயில் அது இன்னும் பாவசங்கீர்த்தனம்தான்.

சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்கள் பாவங்களை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9-ஐப் பற்றிக்கொண்டு கடவுளிடமே பாவத்தை அறிக்கையிடுகிறார்கள். 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். நான்காம் படியை விட்டுவிட்டால், இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: மனச்சோதனை

கோவிலுக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டு யோசிப்பது மனச்சோதனை ஆகாது. முந்தின நாள் இரவிலோ அன்று காலையிலோ, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் தனியாக அமர வேண்டும். என் பாவங்களை நானே தோண்டி எடுக்கப்போவதில்லை, தூய ஆவியார் காட்டட்டும் என்ற சிறு செபத்தோடு தொடங்குவது நல்லது. ஏனெனில் நம் குற்றம் நம் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. உரியாவின் மனைவியைக் கவர்ந்து உரியாவையும் கொல்லச் செய்த தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் வந்து, திரளான ஆடுகளுள்ள செல்வன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னபோது, தாவீது கொதித்தெழுந்து, அவன் நான்கு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நீரே அம்மனிதன் என்று நாத்தான் சொல்லும்வரை அது தம் கதை என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே மனச்சோதனையில் ஒரு நல்ல உத்தி: அண்மையில் யார்மேல் எதற்காக அதிகமாகக் கோபப்பட்டேன் என்று பார்த்து, அதே குற்றம் வேறு உருவத்தில் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது.

வழக்கமான முறை, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது. (கத்தோலிக்க எண்வரிசையில் ஓய்வுநாள் மூன்றாவது, தாய் தந்தையரை மதிப்பது நான்காவது, பெரும்பாலான சீர்திருத்த சபைகளின் வரிசை ஒன்று தள்ளி வரும்.) கட்டளைகளின் சொற்களோடு நின்றுவிட்டால், கொலை செய்யவில்லை, களவு செய்யவில்லை என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவற்றை நம் அன்றாட வாழ்க்கைக்குள் இறக்க வேண்டும். வேலைக்காரருக்கோ கூலியாளுக்கோ உரிய ஊதியத்தை இழுத்தடித்தேனா? வட்டிக்குக் கொடுத்து ஒருவரின் நெருக்கடியைப் பயன்படுத்திக்கொண்டேனா? பாகப்பிரிவினையில் சகோதரியின் பங்கை அமுக்கினேனா? மகன் திருமணத்தில் வரதட்சணையை அன்பளிப்பு என்ற பெயரில் வாங்கினேனா? சக விசுவாசியைச் சாதி பார்த்து ஒதுக்கிவிட்டு அதே பீடத்தில் நற்கருணை வாங்கினேனா? உண்மையா என்று பார்க்காமல் ஒருவரைப் பற்றிய செய்தியை வாட்ஸ்அப் குழுவில் பரப்பினேனா? திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கை சிந்தனை, சொல், செயல் ஆகிய மூன்றோடு நிற்காமல் கடமையில் தவறியதையும் சேர்த்துச் சொல்கிறது. செய்த தீமையைவிடச் செய்யாமல் விட்ட நன்மைதான் பல சமயம் நீளமான பட்டியலாக வரும்: முதிய பெற்றோரிடம் பேசாமல் கழிந்த மாதங்களும் அதில் சேரும்.

எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று பிரித்தறிவதும் இந்தப் படியில்தான். காரியம் கனமானதாக இருக்க வேண்டும். அது தவறு என்று முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே முழு மனத்தோடு சம்மதித்திருக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். ஒன்று குறைந்தாலும் பாவத்தின் பாரம் குறைகிறது. சோதனை வந்தது பாவமன்று, அதற்கு இடம் கொடுத்ததே பாவம். கனவில் வந்தது பாவமன்று. சட்டென்று எழுந்த கோபம் பாவமன்று, அதை வைத்து வளர்த்தது பாவம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பிறர் தம்மீது இழைத்த கொடுமையை, குறிப்பாகச் சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறையை, தம் பாவமாக எண்ணி ஆண்டுக்கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பாவம் அல்லவே அல்ல. அதைக் குருவிடம் ஆறுதலுக்காகச் சொல்லலாம். மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமில்லை. நம்பகமானவரின் உதவியோடு சட்டத்தின் பாதுகாப்பை நாடுவதற்கும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாம் படி: மனஸ்தாபம்

ஐந்தில் இதுவே உயிர். மனஸ்தாபம் இல்லாமல் சொல்லப்படும் பாவங்கள் வெறும் தகவல்களாகவே இருக்கும். மனஸ்தாபம் உண்மையாக இருந்து, பேச முடியாத நோயாளி தலையை அசைத்தால்கூடப் போதும்.

மனஸ்தாபத்தைப் போலவே தோன்றும் வேறு உணர்வுகள் பல. பிடிபட்டுவிட்டோமே என்ற வெட்கம் ஒன்று; நானா இப்படிச் செய்தேன் என்று அடிபட்டுப்போன தற்பெருமை மற்றொன்று. இவை இரண்டும் என்னைச் சுற்றியே சுழல்கின்றன. மனஸ்தாபம் என் பார்வையை நான் காயப்படுத்தியவரின் பக்கம் திருப்புகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்க, பாடுகளின் வரலாற்றில் வரும் இரண்டு சீடர்களை ஒப்பிட்டால் போதும். மத்தேயு நற்செய்தியின் 27-ஆம் அதிகாரப்படி, யூதாசு மனம் வருந்தினான். மாசற்றவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான். முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொடுத்தான். வெளிப்பார்வைக்கு வருத்தம், அறிக்கை, ஈடுசெய்தல் மூன்றும் இருக்கின்றன. ஆனால் அவன் போனது தலைமைக் குருக்களிடம். அது உன் பாடு என்று அவர்கள் கைகழுவியபோது, அவனுக்குப் போக வேறு இடமில்லை என்று தோன்றிவிட்டது. பேதுருவோ மூன்று முறை மறுதலித்தார், ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை, அப்போது ஒரு வார்த்தைகூட அறிக்கையிடவில்லை; வெளியே போய் மனம் கசந்து அழுதார். ஆனால் அந்த அழுகை இயேசு திரும்பிப் பார்த்த பார்வையிலிருந்து தொடங்கியது என்கிறார் லூக்கா. மூன்று மறுதலிப்புக்கு ஈடாக மூன்று முறை உம்மை நேசிக்கிறேன் என்று சொல்லும் வாய்ப்பு திபேரியக் கடற்கரையில் பிறகு அவருக்கு வந்தது. வருத்தத்தின் அளவில் இருவரில் யார் மிஞ்சினார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வருத்தத்தோடு யாரிடம் போனார்கள் என்பதில்தான் வழி பிரிந்தது.

திருச்சபை மனஸ்தாபத்தில் இரண்டு வகைகளைக் காண்கிறது. கடவுள்மேல் உள்ள அன்பினால், அவரைப் புண்படுத்தினேனே என்று வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பை உணர்ந்தோ வருந்துவது அதைவிடக் குறைந்தது. ஆனாலும் அதுவும் கடவுள் தரும் கொடைதான், பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற அது ஒருவரை ஆயத்தமாக்கும் என்று திரிதெந்து சங்கம் 1551-இல் கற்பித்தது. எனக்கு இது பெரிய ஆறுதலான போதனையாகவே படுகிறது: பயத்தோடு வந்தவனையும் வாசலிலேயே நிறுத்திவிடவில்லை. உத்தம மனஸ்தாபத்துக்கோ தனி வல்லமை உண்டு. வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் அதில் அடங்கியிருந்தால், சாவான பாவங்களுக்கும் அது உடனே மன்னிப்பைப் பெற்றுத்தரும். 2020 மார்ச்சில், கொரோனாவினால் கோவில்கள் அடைபட்டபோது, உரோமை (வத்திக்கான் தலைமை) இப்போதனையைத்தான் உலகமெங்கும் நினைவூட்டியது.

நம் பாட்டிகள் மனப்பாடமாகச் சொல்லும் உத்தம மனஸ்தாப செபத்தை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பார்க்கலாம். 'சர்வேசுரா சுவாமி' என்று தொடங்கும் அது, பாவத்தை எடுத்தவுடனே பேசுவதில்லை. தேவரீர் அளவில்லாத சகல நன்மையும் அன்பும் நிறைந்தவர் என்று கடவுளைப் பற்றியே முதலில் பேசுகிறது. அப்படிப்பட்டவருக்குப் பொருந்தாத பாவங்களைச் செய்தேனே என்ற வருத்தம் அதிலிருந்து பிறக்கிறது. இனிமேல் ஒருபோதும் செய்வதில்லை என்ற பிரதிக்கினை அதற்குப் பிறகு வருகிறது. கடைசியில், 'எனக்குப் பலன் போதாமையினால்' என்று தன் கையாலாகாத்தனத்தை ஒப்புக்கொண்டு, இயேசுநாதர் சிந்திய இரத்தத்தின் பலனை நம்பி நிற்கிறது. பத்து வரிக்குள் முழு மறையுண்மையும் அடங்கிவிட்டது. இதை வேகமாக ஒப்பிக்காமல், ஒவ்வொரு பகுதியின் பின்னும் சற்று நிறுத்திச் சொல்வதே இந்தப் படிக்கான பயிற்சி.

அழுகை வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மனஸ்தாபம் முதன்மையாக மனத்தின் முடிவு. கண்ணீர் கூட வந்தால் வரட்டும். ஒன்றுமே உறுத்தவில்லை என்றால், பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின்) முன்னால் சிறிது நேரம் அமர்ந்திருங்கள்; 51-ஆம் திருப்பாடலை வாசியுங்கள்; உங்கள் செயலால் துன்பப்பட்டவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வருந்த விரும்புகிறேன், வருத்தம் வரவில்லை என்று கடவுளிடம் உள்ளபடி சொல்வதும் செபமே.

மூன்றாம் படி: பிரதிக்கினை

இனிப் பாவமே செய்ய மாட்டேன் என்ற பொதுவான உறுதி மாலைவரைகூடத் தாங்குவதில்லை. ஒரு பாவத்தை எடுத்து, அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது நேர்கிறது என்று பார்த்து, அந்தச் சூழ்நிலையை விலக்குவதே பிரதிக்கினை. குடிப்பவர் சம்பள நாளன்று எந்த வழியாக வீடு திரும்புவது என்று தீர்மானிக்க வேண்டும். இரவில் கைப்பேசியால் விழுபவர் அதை எங்கே வைத்துவிட்டுத் தூங்குவது என்று தீர்மானிக்க வேண்டும். அடிமைத்தனமாகவே முற்றிப்போன பழக்கத்துக்கு மருத்துவரையோ ஆற்றுப்படுத்துநரையோ நாடுவதும் பிரதிக்கினையின் ஒரு பகுதி. மறுபடியும் விழக்கூடும் என்ற அச்சம் இருப்பதால் பிரதிக்கினை பொய்யாகிவிடாது. இப்போது மனத்தில் உறுதி இருக்கிறதா என்பதே கேள்வி.

நான்காம் படி: அறிக்கையிடுதல்

பெரும்பாலான பங்குகளில் திருப்பலிக்கு முன்பாகக் குருவானவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (அறிக்கை கேட்கும் சிறு அடைப்பில்) இருப்பார். தவக்காலத்தில் அண்டைப் பங்குக் குருக்களையும் அழைத்துப் பொதுவான தவ வழிபாடு நடத்துவதுண்டு. புனித வாரக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். நீண்ட காலத்துக்குப் பிறகு வருபவர்கள், பேச வேண்டியது அதிகம் உள்ளவர்கள், சாதாரண வாரத்தில் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுக்கொண்டு போவதே நல்லது. தெரிந்த குருவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களுக்குப் போகும்போது செய்யலாம். முகம் அறியாத குருவிடம் சொல்வதில் தவறு எதுவும் இல்லை. தொலைபேசியிலோ காணொளி அழைப்பிலோ இந்த அருளடையாளத்தைப் பெற முடியாது; நேரில் வர வேண்டும்.

முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, "சுவாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி. நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஆறு மாதம் ஆகிறது" என்பதுபோல் தொடங்கலாம். சொற்கள் மறந்துவிட்டால் பரவாயில்லை; ரொம்ப நாளாயிற்று ஃபாதர், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், அவர் கைப்பிடித்து அழைத்துப்போவார். சாவான பாவங்களை வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். களவு செய்தேன் என்பது போதாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் கணக்கைத் திருத்தி மூன்று முறை பணம் எடுத்தேன் என்பது தெளிவான அறிக்கை. சரியான எண்ணிக்கை தெரியாவிட்டால் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை என்பதுபோலத் தோராயமாகச் சொல்லலாம். பாவத்தின் தன்மையையே மாற்றும் சூழ்நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பணக்காரரிடம் எடுத்ததும் விதவையின் மருத்துவச் செலவுக்கான பணத்தை எடுத்ததும் ஒன்றல்ல. அற்பப் பாவங்களை அறிக்கையிடுவது கட்டாயமில்லை, ஆனால் அதைத் திருச்சபை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது.

சொல்லக் கூடாதவையும் உண்டு. மாமியாரின் பாவம், கணவரின் பாவம், மேலதிகாரியின் பாவம் எல்லாம் தொட்டிக்குள் வந்துவிடுவது நம் ஊர்களில் சகஜம். அவர் அப்படிச் செய்ததால்தான் நான் இப்படிப் பேசினேன் என்று தொடங்கும் வாக்கியம் அறிக்கையாக ஆரம்பித்து முறையீடாக முடிந்துவிடும். பிறர் பெயரைச் சொல்ல வேண்டாம். அருவருப்பான விவரங்களும் வேண்டாம். நான் செய்தேன் என்ற எழுவாயும் பயனிலையும் உள்ள நேரான வாக்கியங்களே போதும். கடைசியாக, இப்போது நினைவுக்கு வராத பாவங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லி முடிக்கலாம். மறந்துபோன பாவமும் மன்னிக்கப்படுகிறது. பின்னால் அது சாவான பாவம் என்று நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். ஆனால் வெட்கத்தினால் ஒரு சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் பாவசங்கீர்த்தனம் செல்லாமல் போகிறது. அப்படி மறைத்து வாழ்கிறவர்கள், மறைத்ததையும் சேர்த்து ஒருமுறை முழுமையாகச் செய்துவிட வேண்டும். எந்தப் பாவத்தைச் சொல்ல நாக்கு எழவில்லையோ அதையே முதலில் சொல்லிவிடுவது அனுபவமுள்ள குருக்கள் தரும் யோசனை.

நீங்கள் சொன்னது வெளியே போகாது. திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் விதி, குருவானவர் சொல்லாலோ வேறு எந்த வகையிலோ எக்காரணத்துக்காகவும் பாவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது. மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தால் அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். இந்த இரகசிய முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு, அச்செயலாலேயே சபைவிலக்குக்கு உள்ளாகிறார். அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கே உண்டு. தாம் அறிந்ததை வைத்து உங்களுக்குப் பாதகமாக எதையும் அவர் செய்யவும் கூடாது.

அறிவுரை சொன்னபின் அவர் அபராதம் விதிப்பார். நீங்கள் மனஸ்தாப செபம் சொல்வீர்கள். அவர் கையை நீட்டி மன்னிப்பு வாய்பாட்டைச் சொல்வார். அதைக் கவனித்துக் கேளுங்கள். இரக்கமுள்ள தந்தை தம் மகனின் இறப்பினாலும் உயிர்ப்பினாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியதையும், பாவ மன்னிப்புக்கெனத் தூய ஆவியாரைப் பொழிந்ததையும் சொல்லிவிட்டு, பிறகுதான் அது உங்களிடம் வருகிறது. நீங்கள் "ஆமென்" என்கிறீர்கள். அந்த நொடியில் பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது. மனத்துக்கு இலேசாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஐந்தாம் படி: அபராதமும் பரிகாரமும்

மூன்று அருள் நிறை மந்திரம் (மரியாவை நோக்கிய செபம்) சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணும் இடம் இது. குரு விதித்த செபத்தையோ செயலையோ அன்றே முடித்துவிடுவது முறைதான். ஆனால் அபராதம் நீதியை ரத்து செய்வதில்லை. எடுத்த பொருள் என் வீட்டில் இருக்கும்வரை, எடுத்ததற்காக வருந்துகிறேன் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

பழைய ஏற்பாட்டுச் சட்டம் இதில் மிகத் துல்லியமானது. ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு மடங்கு தர வேண்டும் என்கிறது விடுதலைப் பயணம். தன் குற்றத்தைத் தானே அறிக்கையிடுபவன் முழுமையாகத் திருப்பித் தந்து ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது எண்ணிக்கை நூல். எரிகோவின் வரிதண்டுவோர் தலைவரான சக்கேயு, காட்டு அத்தி மரத்திலிருந்து இறங்கி, இயேசுவைத் தம் வீட்டில் வரவேற்ற பிறகு, உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். தாமாக முன்வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கே போதும் என்றிருக்க, திருடனுக்குரிய அளவை அவரே தமக்கு விதித்துக்கொண்டார். இன்னொன்று: அவர் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார், பணக் கணக்கு அதற்குப் பிறகு வந்தது. பரிகாரம் மன்னிப்பைத் தேடிப் போவதில்லை, மன்னிப்பிலிருந்தே புறப்படுகிறது.

நடைமுறையில் இது எப்படி? பணம் அல்லது பொருள் என்றால், உரியவரிடம் திருப்பிச் சேர்க்க வேண்டும். பெயரை வெளிப்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. தபாலிலோ ஒரு குருவின் வழியாகவோ சேர்க்கலாம். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு. யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. ஒரே தவணையில் முடியாவிட்டால் சிறுகச் சிறுக. நிலம் என்றால் பத்திரப்பதிவு அலுவலகம்வரை போக வேண்டியிருக்கும். அதற்குக் குடும்பத்தில் எதிர்ப்பு எழும். அப்போதுதான் மனஸ்தாபம் எவ்வளவு உண்மை என்று தெரியவரும்.

பேச்சினால் செய்த கேட்டுக்குப் பரிகாரம் இன்னும் கடினம். இல்லாததைச் சொல்லி ஒருவரைக் கெடுத்திருந்தால், நான் சொன்னது பொய் என்று, கேட்டவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டும். எந்தக் குழுவில் போட்டோமோ அதே குழுவில் மறுப்பைப் போட வேண்டும். ஆனால் மறைந்திருந்த உண்மைக் குற்றத்தை அம்பலப்படுத்தியிருந்தால், அது பொய் என்று சொல்ல முடியாது. அதுவே புதிய பொய்யாகிவிடும். அவருடைய நல்ல குணங்களை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எடுத்துச் சொல்வதே அங்கே பரிகாரம். சில காரியங்களில், பாதிக்கப்பட்டவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது நம் பாரத்தை இறக்கி அவர்மேல் ஏற்றுவதாகவும் முடியலாம். துணைவருக்குச் செய்த துரோகம் அப்படிப்பட்டது. சொல்வதா, எப்போது, எப்படி என்று குருவிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

குற்றவியல் குற்றம் செய்தவர் காவல்துறையில் சரணடைவதை மன்னிப்புக்கு நிபந்தனையாகக் குரு வைக்க முடியாது என்று 2019-இல் உரோமை விளக்கம் தந்தது. இது சட்டத்திலிருந்து தப்புவதற்கான ஓட்டை என்று எடுத்துக்கொள்பவர் விளக்கத்தின் மறுபாதியை வாசிக்கவில்லை: திருந்தி, அத்தீமையை மீண்டும் செய்யாதிருக்கும் உறுதி இல்லாத இடத்தில் மன்னிப்பே செல்லுபடியாகாது.

பிறரை மன்னிப்பதும் இந்தப் படியிலேயே சேரும். மத்தேயு 18-இல் பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி பெற்ற பணியாள், நூறு தெனாரியம் தர வேண்டிய உடன் பணியாளின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஆறு கோடி நாள் கூலி தள்ளுபடியானவன், நூறு நாள் கூலிக்காக ஒருவனைச் சிறையில் தள்ளுகிறான். நூறு நாள் கூலியும் சிறிய தொகையன்று, இயேசு அதை அற்பமாகக் காட்டவில்லை. மன்னிப்பது என்பது பழைய உறவுக்கு அப்படியே திரும்புவதோ, அடிக்கும் கணவரிடம் மறுபடி போய் அடிவாங்குவதோ அல்ல. அவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்ற விருப்பத்தைக் கைவிட்டு, அவருக்காக ஒரு வார்த்தை செபிக்கத் தொடங்குவது. அதற்கே சிலருக்கு ஆண்டுகள் ஆகும், ஆகட்டும்.

சில தனிநிலைகள்

மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, சரியாகச் சொன்னேனா, முழு மனத்தோடு சொன்னேனா என்று வாடுபவர்கள் உண்டு. இது பக்தி மிகுதி என்று அவர்களைப் பாராட்டக் கூடாது. மனச்சான்றின் இந்த நோய் அவர்களுக்குக் கடவுளைக் கொடிய கணக்கப்பிள்ளையாகக் காட்டிவிடுகிறது. ஒரே குருவைத் தெரிந்துகொண்டு, அவர் இதைத் திரும்பச் சொல்லாதே என்றால் சொல்லாமல் இருப்பதே அவர்களுக்கான கீழ்ப்படிதல். தேவையானால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இருபது முப்பது ஆண்டுகளாக வராதவர்கள், கருக்கலைப்பு செய்ததால் மன்னிப்பே கிடையாது என்று ஒதுங்கியவர்கள், இனித் தயங்க வேண்டாம். கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ், இரக்கத்தின் யூபிலி முடிந்த 2016-இல், எல்லாக் குருக்களுக்கும் நிலையாக நீட்டித்தார்.

வீட்டில் கடும் நோயாளி இருந்தால், குருவை அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்குக்கு அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயர் இன்னும் மனத்தில் இருப்பதால், சாமியார் வந்தாலே சாவு வந்துவிட்டது என்று நோயாளி பயப்படுவார் என எண்ணி, நினைவு தப்பும்வரை காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே குருவை வரவழைத்து, அறையிலிருந்து எல்லாரும் வெளியேறி, கதவைச் சாத்திக்கொடுக்க வேண்டும். சாவு ஆபத்தில் இருப்பவருக்கு எந்தக் குருவும், பணி அதிகாரம் இழந்த குருவும்கூட, மன்னிப்பு வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. பங்குத்தந்தை ஊரில் இல்லை என்பது காத்திருக்கக் காரணமாகாது. அடுத்த பங்கிலோ அருகிலுள்ள துறவு இல்லத்திலோ கேளுங்கள்.